அதே துகளை மறுபடியும் செய்ய நிதி கேட்கிறோம்: நானோ மருத்துவ நிபுணர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நானோ மருத்துவ ஆய்வுத் திட்டங்களை மதிப்பிடும் நிபுணர் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

எங்கள் திட்டத்தை நிராகரித்து நீங்கள் அனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. காரணம் இரண்டே வரி. டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் பல்லுறுப்பி பூசிய இரும்பு ஆக்சைடுத் துகள்கள் பல்லாண்டுகளாகச் செய்யப்பட்டு வருபவை என்பது ஒன்று. முன்மொழிவில் புதுமை இல்லை என்பது இன்னொன்று. முதல் வரி முழுக்க உண்மை. அந்தத் துகளைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். இரண்டாவது வரியை வைத்து ஒரு திட்டத்தை மூடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக எழுதினால் அது ஒரு கோப்புக்குள் போய்விடும். இதே பதிலை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கும் ஆய்வாளர்கள் பலரை எனக்குத் தெரியும். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நாங்கள் கேட்டது இது. மார்பகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சையில், புற்று பரவினால் முதலில் போய்ச் சேரும் நிணநீர்க் கணுவை அடையாளம் காண உதவும் காந்தத் துகள் ஒன்று. அதை ஒரே செய்முறைப்படி மூன்று கல்லூரி ஆய்வகங்களில், கோடையிலும் மழையிலும் பனியிலும் செய்ய வேண்டும். ஒவ்வொரு பேட்ச்சும், அதாவது ஒரு தடவையில் செய்து எடுக்கும் தொகுதியும், முந்தைய பேட்ச்சோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்க வேண்டும். ஒத்துப்போகாதவற்றின் கணக்கையும் மறைக்காமல், செய்முறை முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட வேண்டும். புதுத் துகள் எதையும் கண்டுபிடிப்பதாக நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. நோயாளியின் உடம்புக்குள் போகவேண்டிய பொருளுக்கு முதலில் தேவைப்படுவது இந்த வேலைதான் என்று சொல்லித்தான் கேட்டோம்.

இந்தத் துகளைச் செய்வது சுலபம் என்ற எண்ணம் உங்கள் முடிவுக்குப் பின்னால் இருக்கலாம். படிக்கும்போது சுலபமாகத்தான் தெரியும். 1981இல் பிரான்சைச் சேர்ந்த ரெனே மாஸார் வெளியிட்ட முறைதான் இன்றைக்கும் அடிப்படை. ஃபெரஸ் குளோரைடு ஒரு பங்கு, ஃபெரிக் குளோரைடு இரண்டு பங்கு என்று இரண்டு இரும்பு உப்புகளை நீரில் கரைத்து, காற்றுப் படாமல் நைட்ரஜனை ஓடவிட்டு, வேகமாகக் கலக்கிக்கொண்டே அம்மோனியாவை ஊற்ற வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் இருந்த கரைசல் கண்ணெதிரே கறுத்துவிடும். பீக்கருக்கு அடியில் ஒரு நியோடிமியம் காந்தத்தை வைத்தால் அந்தக் கறுப்பு அத்தனையும் கீழே இழுபட்டு, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். முதல் தடவை பார்க்கிற எம்.எஸ்சி. பிள்ளைகள் கைதட்டுவார்கள். இது மேக்னடைட். சேலம் கஞ்சமலைப் பாறையில் இருக்கும் அதே இரும்புத் தாது, இங்கே பத்து நானோமீட்டர் அளவில்.

மாதா மாதம் அதையே செய்து பார்த்தால்தான் சிக்கல் புரியும். ஐப்பசி மழையில் ஃபெரிக் குளோரைடு புட்டியைத் திறந்து தராசில் வைத்தால் எடை ஓரிடத்தில் நிற்காது, ஏறிக்கொண்டே போகும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கிறது. நாம் எடுத்ததில் இரும்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தராசு சொல்லாது. சித்திரையில் சிக்கல் அம்மோனியாவில். மூடியைத் திருகியதும் ஆவி சீறிக்கொண்டு வரும். பலமுறை திறந்து மூடிய புட்டியில், லேபிளில் அச்சிட்ட 25 விழுக்காடு இருக்காது. ஃபெரஸ் உப்பு இளம்பச்சையாக இருக்க வேண்டும். அதன்மேல் மஞ்சள் பூத்திருந்தால் ஒரு பகுதி ஃபெரிக்காக மாறிவிட்டது என்று பொருள். ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் புட்டிக்குள்ளேயே கெட்டுப்போயிருக்கும். அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒரு அளவு, மொத்தமாக ஊற்றினால் வேறு அளவு. கலக்கியின் வேகம், குடுவையின் வடிவம், நைட்ரஜனை எவ்வளவு நேரம் முன்கூட்டியே ஓடவிட்டோம் என்பது வரை ஒவ்வொன்றும் துகளில் தெரியும். ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் இவற்றில் பாதிகூட இருப்பதில்லை. "தீவிரமாகக் கலக்கியபடி அம்மோனியா சேர்க்கப்பட்டது" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு இன்னொரு ஊரில் ஒருவர் அதே துகளைச் செய்துவிட முடியாது.

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். பத்து நானோமீட்டர் விட்டமுள்ள துகள் பன்னிரண்டாகிவிட்டால் காகிதத்தில் இரண்டு நானோமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் கன அளவு 73 விழுக்காடு கூடிவிடும். காந்தத் துகளின் குணம் கன அளவைப் பிடித்துக்கொண்டு போகிறது. வெளிக்காந்தத்தை எடுத்ததும் துகளின் காந்தத்தன்மை மறைந்துவிட வேண்டும். அப்போதுதான் இரத்தக் குழாய்க்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இருக்கும். இரும்பு ஆக்சைடில் ஏறத்தாழ இருபது, இருபத்தைந்து நானோமீட்டருக்குக் கீழே இருந்தால்தான் இந்தக் குணம் கிடைக்கும். மாறுகாந்தப் புலத்தில் வைத்துத் துகளைச் சூடேற்றிப் புற்றுக்கட்டியை அழிக்கும் சிகிச்சையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். துகளுக்குள் காந்தத் திசை புரண்டு திரும்ப எடுக்கும் நேரம் கன அளவோடு அடுக்குக்குறி வேகத்தில் ஏறுகிறது. ஒரு பேட்ச் நன்றாகச் சூடாகும், அடுத்தது வெதுவெதுப்போடு நின்றுவிடும். இரண்டும் ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய மாதிரி ஒரே கறுப்பாகத்தான் இருக்கும். கட்டியை 43 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டிய மருத்துவர், இந்தப் பேட்ச்சில் எந்த ரகம் இருக்கிறது என்று எதை வைத்து முடிவு செய்வார்?

செய்வதில் மட்டுமல்ல, அளப்பதிலும் இந்தப் பிரச்சினை இருக்கிறது. ஒரே துகளை ஐரோப்பாவின் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி அது எவ்வளவு சூடாகிறது என்று அளக்கச் சொன்ன ஒப்பீட்டு ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஒவ்வொரு ஆய்வகமும் தன்னுடைய அளவீட்டைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி எடுத்தது. ஆனால் ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண்கள் கணிசமாக வேறுபட்டன. பல பத்தாண்டு அனுபவமும் நல்ல கருவிகளும் உள்ள இடங்களிலேயே இந்த நிலை. எங்களைப் போன்ற ஒரு மாவட்டத் தலைநகர்க் கல்லூரியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் முன் வரும் முன்மொழிவுகளில் இதை யாரும் எழுதுவதில்லை.

எங்களிடம் எலக்ட்ரான் நுண்ணோக்கி கிடையாது. காந்தத்தன்மையை அளக்கும் வி.எஸ்.எம். கருவியும் கிடையாது. சாம்பிளைச் சின்னப் பிளாஸ்டிக் குழாயில் அடைத்து, பாராஃபிலிம் சுற்றி, கூரியரில் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு எங்கள் முறைக்காகக் காத்திருப்போம். கருவி பழுது என்பார்கள், ஹீலியம் இல்லை என்பார்கள், உள்ளூர் மாணவர்களுக்கு முன்னுரிமை என்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் துகள் காத்திருக்காது. மேக்னடைட் காற்றில் மெல்ல ஆக்சிஜனேற்றமாகி மேக்கெமைட் என்ற வேறொரு இரும்பு ஆக்சைடாகிவிடும். கறுப்பாக அனுப்பியது செம்பழுப்பாகத் திரும்பி வந்ததை என் கையால் வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அளந்து கொடுத்த எண் நாங்கள் செய்த துகளுடையது இல்லை. அந்த எண்ணைக் கட்டுரையில் போடக்கூடாது என்று நான் தடுத்தேன். அதனால் என் மாணவி ஒருவரின் முனைவர் பட்டம் தள்ளிப்போனது. அதே எண்ணைப் போட்டிருந்தால் எந்த மதிப்பீட்டாளரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

அந்த மாணவி கடைசியில் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பேட்ச்சுகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் வைத்து எழுதிய கட்டுரையை எந்த இதழும் எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் கடிதத்தில் இருந்த அதே காரணம் அங்கும் வந்தது. பிறகு அவர் ஒரு இலைச் சாற்றில் துகள் செய்து, இரண்டு கட்டுரை போட்டு, பட்டம் வாங்கிப் போனார். வேப்பிலை, முருங்கை, துளசி, ஆவாரை என்று நம் கல்லூரிகளில் இலைச் சாறு கொண்டு நானோ துகள் செய்த கட்டுரைகள் எத்தனை வந்திருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். நீங்களே பலவற்றை மதிப்பிட்டிருப்பீர்கள். இலை மாறினால் கட்டுரை புதிது. ஆனால் ஒரே மரத்தின் இலையிலும் மாசியில் பறித்ததற்கும் ஆடியில் பறித்ததற்கும் வேதிப்பொருள்களின் அளவு மாறும். அந்தத் துகளை நோயாளிக்குக் கொடுக்கும் அளவுக்கு ஒரே தரத்தில் செய்ய முடியுமா என்று கேட்கும் திட்டத்துக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. பிள்ளைகளின் திறமையில் குறை ஒன்றும் இல்லை. எதற்கு நிதி கிடைக்கும் என்று பார்த்து அந்தப் பக்கம் போகிறார்கள். அந்தப் பக்கத்தைத் தீர்மானிப்பது உங்கள் குழு.

இன்னொரு பக்கம், காந்தத்தை வலுவாக்கக் கோபால்ட் சேர்ப்பது. வலு கூடும், கட்டுரையும் வரும். கோபால்ட் உடம்புக்கு நஞ்சு. வெறும் இரும்பு ஆக்சைடின் பெரிய நன்மையே அது சிதைந்த பிறகு உடல் தன்னுடைய இரும்புச் சேமிப்போடு சேர்த்துக்கொள்கிறது என்பதுதான். சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்காக 2009இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட ஃபெருமாக்சிடால் ஊசிமருந்து இதே வகைத் துகள். இரும்புச் சத்தாகப் போய், எம்.ஆர்.ஐ. படத்தையும் மாற்றிக் காட்டுவதால், அந்தப் படத்துக்கு வழக்கமாகப் போடும் கடோலினியம் ஊசியைப் போடத் தயங்க வேண்டிய சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர்கள் அதைப் படமெடுக்கவும் பயன்படுத்தினார்கள். கடுமையான ஒவ்வாமை ஏற்படக்கூடும் என்று 2015இல் அதற்குக் கறுப்புக் கட்ட எச்சரிக்கை, அதாவது மருந்துச் சீட்டில் இடம்பெறும் மிகக் கடுமையான எச்சரிக்கை, சேர்க்கப்பட்டது. பழைய துகள் என்றால் எல்லாம் தெரிந்த துகள் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சந்தைக்கு வந்து ஆண்டுகள் கழிந்த பிறகும் மேலுறையைப் பற்றியும் ஊசி ஏற்றும் வேகத்தைப் பற்றியும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தத் துறையின் வரலாறு முழுக்கவே நான் சொல்வதற்குச் சாட்சி. நிணநீர்க் கணுவில் காந்தத் துகளைச் சேர்த்துச் சூடேற்றலாம் என்று கில்கிறிஸ்ட் குழுவினர் 1957லேயே எழுதினார்கள். கல்லீரல் கட்டிகளைக் காட்டும் ஃபெரிடெக்ஸ் என்ற இரும்பு ஆக்சைடு ஊசிமருந்து 1996இல் அமெரிக்க அனுமதி பெற்றது. கல்லீரலின் குப்ஃபர் செல்கள் துகளை விழுங்குவதால் நல்ல திசு எம்.ஆர்.ஐ. படத்தில் கறுக்கும். அந்தச் செல்கள் இல்லாத புற்று வெளுப்பாகத் தனித்துத் தெரியும். அருமையான யோசனை. ஆனால் 2008இல் அதன் தயாரிப்பு நின்றது. ஜெர்மனியின் மேக்ஃபோர்ஸ் நிறுவனம் மூளைக் கட்டியைத் துகளால் சூடேற்றும் சிகிச்சைக்கு 2010இல் ஐரோப்பிய அனுமதி வாங்கியது. திரும்பி வந்த கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்று உள்ள 59 பேரிடம் செய்த ஆய்வை 2011இல் வெளியிட்டார்கள். சிகிச்சை பெறுபவர் பல்லில் அடைத்த உலோகத்தைக்கூட எடுத்துவிட வேண்டியிருந்தது. துகள் தங்கிய இடத்தைப் பிறகு எம்.ஆர்.ஐ.யில் பார்க்க முடியாமலும் போனது. 2022இல் நிறுவனம் திவால் நடைமுறைக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு, பெரும்பாலும் வணிகக் காரணம். என் மனத்தில் நிற்பது வேறு. ஒரு துகளைச் செய்யும் பக்குவம் ஒரே நிறுவனத்தின் பெட்டகத்தில் இருந்தால், நிறுவனம் கைவிட்டதும் அதுவும் போய்விடும். வேறு எவரும் அடுத்த நாள் எடுத்துச் செய்யும் நிலையில் இருப்பதில்லை. நாங்கள் பொதுவில் வைக்கக் கேட்டது அந்தப் பக்குவத்தைத்தான்.

இனி நோயாளியின் பக்கம். என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய். அவருக்கு அறுவை நடந்த ஊரில் கதிரியக்க மருத்துவப் பிரிவு கிடையாது. புற்று பரவியிருக்கிறதா என்று முதல் கணுவை மட்டும் எடுத்துப் பார்த்து, அது சுத்தமாக இருந்தால் அக்குளில் மற்றவற்றைத் தொடாமல் விட்டுவிடலாம் என்பது இன்று உலகெங்கும் உள்ள நடைமுறை. அந்த முதல் கணுவைக் கண்டுபிடிக்கப் பரவலாகப் பயன்படுவது டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளின் ஊசி. அதன் அரை ஆயுள் ஆறு மணி நேரம்தான். வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை அது. சித்திக்கு அக்குள் கணுக்கள் மொத்தமாக எடுக்கப்பட்டன. சோதனையில் அவற்றில் புற்று இல்லை என்று வந்தது. அறுவை செய்த மருத்துவர் கையில் இருந்த வசதிக்குள் சரியானதைத்தான் செய்தார். ஆனால் சித்தியின் வலது கை அதற்குப் பிறகு வீங்கியே இருக்கிறது. ரவிக்கையின் வலக்கையை மட்டும் தையல் பிரித்து, உள்ளே ஒரு முக்கோணத் துண்டு வைத்துத் தைத்துக்கொள்கிறார். கிணற்றில் தண்ணீர் சேந்துவதை விட்டுவிட்டார். சின்னக் கீறல் பட்டாலும் கை சிவந்து காய்ச்சல் வந்துவிடுகிறது.

டெக்ஸ்ட்ரானின் ஒரு மாற்று வடிவமான கார்பாக்சிடெக்ஸ்ட்ரான் பூசிய இரும்பு ஆக்சைடுத் துகளை மார்பில் செலுத்தி, கையடக்கக் காந்த உணரியால் கணுவைத் தேடும் முறை ஐரோப்பாவில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 2018இல் மேக்ட்ரேஸ் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. கதிரியக்கம் இல்லை, டெக்னீசியத்துக்கு வேண்டியது போல அணு உலை வேண்டாம், புட்டியை அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். குறைகளும் உண்டு. சிலருக்குத் தோலில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் இருக்கும், பின்னால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடம் மங்கும், உணரியை வைத்துத் தேடும்போது உலோகக் கருவிகளை விலக்க வேண்டும். இத்தனையும் சேர்த்துப் பார்த்தாலும் மாவட்ட மருத்துவமனைகளுக்கு இது பொருத்தமான முறை என்று எங்களோடு சேர்ந்து முன்மொழிவு எழுதிய அறுவை மருத்துவர் சொல்கிறார். இறக்குமதி விலைதான் தடை. துகளின் மூலப்பொருள் இரும்பு உப்பும் ஒரு சர்க்கரைப் பல்லுறுப்பியும். விலை ஏறுவது மூலப்பொருளால் இல்லை. ஒவ்வொரு புட்டியும் ஒரே மாதிரி இருக்கும் என்று உறுதி சொல்லும் திறமைக்குத்தான் விலை. அந்தத் திறமையை வளர்க்கக் கேட்ட பணத்தைத்தான் புதுமை இல்லை என்று மறுத்தீர்கள்.

2020ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா பரிசோதனைக்கு மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் கிட் உலகம் முழுவதும் தட்டுப்பாடானது. அந்த கிட்களில் பலவற்றின் உள்ளே இருப்பது காந்த மணிகள். இரும்பு ஆக்சைடின் மேல் சிலிக்கா பூசியிருக்கும். குவானிடின் உப்புக் கரைசலில் ஆர்.என்.ஏ. அதில் ஒட்டிக்கொள்ளும், காந்தத்தால் பிடித்து வைத்துக் கழுவி, தண்ணீரில் கழற்றி எடுத்துவிடலாம். சிலிக்காவும் குவானிடினும் சேர்ந்த முறை 1990இலிருந்து தெரிந்தது. அந்த ஏப்ரலில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் சித்ரா மேக்னா என்ற பெயரில் காந்தத் துகள் கொண்ட கிட்டை உருவாக்கி அறிவித்தது. நாடே பாராட்டியது. அதிலும் தத்துவம் பழையதுதான். நம்பும்படி, வேண்டிய அளவில், வேண்டிய நேரத்தில் செய்து கொடுத்ததுதான் அதன் பெருமை. நெருக்கடி வரும்போது பாராட்டுகிற அதே திறமையை நெருக்கடி இல்லாத காலத்தில் வளர்க்க வேண்டாமா?

அளவைப் பெருக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூறு மில்லிக் குடுவையில் சரியாக வருவது பத்து லிட்டர் கலனில் வராது. நாலு பேருக்குச் சாம்பார் வைக்கும் கணக்கைப் பெருக்கிப் போட்டுக் கல்யாணப் பந்திக்கு வைக்க முடியாது என்று சமைப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். இங்கேயும் அதுதான். அம்மோனியா விழுந்த இடத்தில் காரத்தன்மை உடனே ஏறி அங்கே துகள் பிறந்துவிடும். கலனின் மறு ஓரத்துக்கு அது போய்ச் சேர்வதற்குள் வேறு அளவில் வேறு துகள்கள் பிறந்திருக்கும். செய்து முடித்ததும் டயாலிசிஸ் பையில் போட்டு நாள்கணக்கில் உப்பு நீக்க வேண்டும். 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தினால், துகள்கள் கட்டிக்கொண்டிருந்த பேட்ச் அடைத்துக்கொண்டு நின்றுவிடும். அங்கேயே அதன் தரம் தெரிந்துவிடும். பிறகு எண்டோடாக்சின் சோதனை. பாக்டீரியா எச்சம் ஒரு துளி இருந்தாலும் நோயாளிக்குக் காய்ச்சல் வரும். துகளின் அடர்ந்த நிறமே அந்தச் சோதனையின் ஒளி அளவீட்டைக் குழப்பும். நானோ துகள் நஞ்சு என்று எழுதிய சில கட்டுரைகளில் நஞ்சாக இருந்தது துகளா, அதைக் கரைத்த தண்ணீரில் இருந்த எண்டோடாக்சினா என்ற ஐயம் எனக்கு உண்டு. இதில் எதுவுமே புதுமை இல்லை. எல்லாமே செய்தாக வேண்டியவை.

உங்கள் முடிவு நம் அரசின் வழிகாட்டுதலோடும் ஒத்துப்போகவில்லை. 2019 அக்டோபரில் உயிரித் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட, நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டுதல்கள் தரம், பாதுகாப்பு, பலன் மூன்றுக்கும் ஆதாரம் கேட்கின்றன. பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. காந்த நானோ நீர்மங்களுக்கு 2019இலும், நியூக்ளிக் அமிலம் பிரிக்கும் காந்த மணிகளுக்கு 2021இலும் எந்தெந்தக் குணங்களை எப்படி அளக்க வேண்டும் என்று தனித்தனியாக வகுத்திருக்கிறது. மருந்தாக அனுமதி கேட்டு வரும்போது இந்த ஆதாரங்களைக் கொண்டுவா என்கிறோம். அந்த ஆதாரங்களைத் திரட்டும் வேலைக்கு நிதி கேட்டால் புதுமை இல்லை என்கிறோம். ஒரு கல்லூரி ஆய்வகம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே போய் நிற்கும்?

புதிய துகள்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2005இல் ஹாம்பர்க்கில் கிளைக், வைட்செனெக்கர் இருவரும் காந்தத் துகளையே நேரடியாகப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார்கள். அதற்கு ஏற்ற துகளைத் தேடுவது தேவையான வேலைதான். அந்த முறையிலும் படத்தின் தெளிவு துகளின் அளவு எவ்வளவு சீராக இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

உங்களிடம் நாங்கள் கேட்பவற்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் முன்மொழிவை மறுமதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இம்முறை மதிப்பிடுபவர்களில் மார்பகப் புற்றுநோய் அறுவை செய்யும் ஒரு மருத்துவரும், ஊசிமருந்துத் தயாரிப்பில் தரக்கட்டுப்பாடு பார்த்த ஒருவரும் இருக்க வேண்டும். அவர்கள் படித்துவிட்டு, இதில் செய்முறை போதாது, செலவுக் கணக்கு சரியில்லை, மூன்று ஆய்வகம் பத்தாது என்று சொன்னால் ஏற்றுக்கொண்டு திருத்துகிறோம்.

நானோ மருத்துவத்துக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பகுதியை, ஏற்கெனவே தெரிந்த துகளைச் சீராகவும் பெரிய அளவிலும் செய்யும் திட்டங்களுக்கென்று தனியே பிரித்து வையுங்கள். அந்தத் திட்டங்களுக்கு மதிப்பெண் போடும்போது புதுமை என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, ஒரு பேட்ச்சுக்கும் அடுத்ததுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு குறைந்தது, வேறொரு ஆய்வகம் அதைச் செய்ய முடிந்ததா என்ற இரண்டைக் கேளுங்கள். மாணவர்களின் ஆய்வேட்டிலும் அது வேலையாக எண்ணப்படும்படி பல்கலைக்கழகங்களுக்கு எழுதுங்கள்.

நீங்கள் நிதி கொடுக்கும் எல்லாக் காந்தத் துகள் திட்டங்களிலும், தங்கள் துகள் புதியது என்று சொல்பவற்றிலும்கூட, குறைந்தது சில தனித்தனிப் பேட்ச்சுகளின் அளவு, காந்தத்தன்மை, சேமித்து வைத்த பிறகான நிலை மூன்றையும் இறுதி அறிக்கையில் கட்டாயமாக்குங்கள். தோற்றுப்போன பேட்ச்சுகளின் விவரமும் அதில் இருக்க வேண்டும். இதற்குச் செலவு அதிகமில்லை. உங்கள் படிவத்தில் ஒரு பக்கம் சேர்த்தால் போதும்.

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2004இல் நானோ துகள்களைப் பரிசோதிக்கவென்றே ஓர் ஆய்வகத்தைத் தொடங்கியது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆய்வாளர்களின் துகள்களை அது கட்டணம் வாங்காமல் சோதித்துக் கொடுத்திருக்கிறது. நம் நாட்டிலும் சிறு ஊர்க் கல்லூரிகளுக்கு எட்டும்படி அத்தகைய பொது வசதியை ஏற்படுத்தப் பரிந்துரை செய்யுங்கள். சாம்பிள் வந்து சேர்ந்த தேதியிலிருந்து எத்தனை நாளுக்குள் அளந்து தருவோம் என்ற உறுதிமொழி அதில் இருக்க வேண்டும். எண்டோடாக்சின் சோதனையும் அங்கேயே நடக்க வேண்டும். எல்லா ஆய்வகங்களும் தங்கள் கருவியைச் சரிபார்த்துக்கொள்ள ஒரு பொதுத் தரத்துகளை அங்கிருந்து வழங்க வேண்டும். அந்தத் தரத்துகளைச் செய்து கொடுக்கும் பொறுப்பை எங்களிடம் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறோம்.

நிராகரிக்கும் ஒவ்வொரு திட்டத்துக்கும் மதிப்பீட்டாளர்களின் முழுக் கருத்தையும், பெயர் இல்லாமல், விண்ணப்பித்தவருக்கு அனுப்புங்கள். இரண்டு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் எதையும் திருத்த முடியாது.

அடுத்த கூட்டத்துக்கு எங்களை அழைத்தால் மூன்று ஆய்வகங்களிலிருந்தும் ஒருவர் வருவோம். சரியாக வந்த பேட்ச், தவறிய பேட்ச் எல்லாவற்றின் குறிப்பேடுகளையும் கொண்டுவருகிறோம், நீங்களே புரட்டிப் பார்க்கலாம். அழைக்க இயலாது என்றால், இந்த மடலில் கேட்டவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். அந்தப் பதிலையும் இதே போல் எல்லோரும் படிக்க வெளியிட அனுமதி கேட்கிறேன்.

இப்படிக்கு,
தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் காந்த நானோ துகள்கள் செய்துவரும் வேதியியல் ஆசிரியை